பேங்க் ஸ்டாஃபே பண்ற மோசடியை ப்ராஞ்ச் லெவல்ல தடுக்க எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

ஆப்ஸ்_பொறுப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு பேங்க்ல ப்ராஞ்ச் ஆப்பரேஷன்ஸ் பொறுப்புக்கு இப்பதான் வந்திருக்கேன், இதுக்கு முன்னாடி லோன் பக்கமே இருந்ததால கேஷ், கிளியரிங் (செக் வசூல்), ஜிஎல் (பேங்க்கோட மொத்த கணக்கு ஏடு) எல்லாம் தினமும் கையில எடுத்து பார்க்கறது எனக்கு புதுசு. பேப்பர்ல பார்த்தா எல்லாமே சரியா இருக்கு, மேக்கர் செக்கர் இருக்கு (ஒருத்தர் எண்ட்ரி போடுவாரு, இன்னொருத்தர் சரி பார்த்து பாஸ் பண்ணுவாரு), வால்ட்டுக்கு ரெண்டு சாவி இருக்கு, மாசாமாசம் சர்டிஃபிகேட்ல கையெழுத்து போட்டு ஹெட் ஆபிசுக்கு போகுது. நேர்ல பார்த்தா கதை வேற. கவுண்டர்ல கூட்டம் சேர்ந்தா ஆபிசர் தன் பாஸ்வேர்டை கிளார்க்கிட்டயே குடுத்துட்டு போயிடறாரு, ரெண்டு சாவியும் சாயங்காலம் ஒரே ட்ராயர்லதான் தூங்குது, எந்த கணக்குல சேர்க்கறதுன்னு முடிவாகாத தொகையை தற்காலிகமா நிறுத்தி வைக்கற சஸ்பென்ஸ் அக்கவுண்ட், சண்ட்ரி எல்லாத்தையும் ரொம்ப வருஷமா ஒரே சீனியர் மட்டும் பார்க்கறாரு, அவர் லீவே போட மாட்டாரு, போட்டாலும் வீட்ல இருந்து போன்ல சொல்லி சொல்லி வேலையை நடத்துவாரு. அவர் மேல எனக்கு எந்த சந்தேகமும் இல்லை, எல்லாரும் அவரை தெய்வமா பார்க்கறாங்க, எனக்கும் வேலை கத்துக்குடுக்கறவரு அவர்தான். ஆனா இதுல ஏதாவது ஒண்ணை மாத்தலாமான்னு வாயை திறந்தாலே "ஏன் சார், எங்களை நம்பலையா"ன்னு கேக்கறாங்க. அந்த ஒரு கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை.

எதை முதல்ல சரி பண்றது, யாரையும் புண்படுத்தாம எப்படி பண்றதுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. ட்ரெய்னிங் மெட்டீரியல்ல இருக்கறது எனக்கும் தெரியும், நடைமுறைல எது வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா போதும்.

பழைய_இன்ஸ்பெக்டர் பதில்:

தம்பி, உங்க கேள்விலயே பாதி பதில் இருக்கு. பாஸ்வேர்டை கைமாத்தா குடுக்கற பழக்கமும் லீவே போடாத ஒரு ஆளும் ஒரே ப்ராஞ்ச்ல இருந்தா, நான் இன்ஸ்பெக்‌ஷன் போன காலத்துல முதல் வேலையா அங்கதான் போய் உக்காருவேன். அந்த சீனியர் தப்பு பண்றாருன்னு நான் சொல்லவே இல்லை, முக்கால்வாசி இடத்துல அப்படிப்பட்டவங்க வேலைல பைத்தியமா இருக்கற நல்ல மனுஷங்கதான். ஆனா நாளைக்கே அங்க ஒரு தப்பு நடந்தா அதை செஞ்சது யாருன்னு யாராலயும் சொல்ல முடியாது, அவராலயே தன்னை நிரூபிக்க முடியாது, அதுதான் பிரச்சனை.

லீவுல இருந்து ஆரம்பிங்க. கேஷ் பக்கம் நடக்கற கையாடல்ல பழைய முறை ஒண்ணு இருக்கு. ஒரு கஸ்டமர் கட்ட குடுத்த பணத்தை எடுத்துக்கறது, கையால எழுதின ரசீதை குடுத்து அனுப்பிடறது, அப்புறம் அடுத்த கஸ்டமர் குடுத்ததை வச்சு முதல் ஆளோட கணக்கை நிரப்பறது, மூணாவது ஆள் பணத்துல ரெண்டாவது ஆளுக்கு, இப்படியே ஓட்டறது. இதை பண்றவரால ஒரு நாள் கூட சீட்டை விட்டு எழுந்திரிக்க முடியாது, எழுந்தா சங்கிலி அறுந்துடும், ஒரு கஸ்டமர் வந்து "என் கணக்குல ஏன் ஏறல"ன்னு கேட்டுடுவாரு. அதனாலதான் அமெரிக்கால டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் குடுத்து பேங்க்குகளை கண்காணிக்கற எஃப்டிஐசி முக்கியமான சீட்ல இருக்கறவங்க வருஷத்துக்கு ரெண்டு வாரமாவது தொடர்ச்சியா லீவுல போகணும்னு ரொம்ப காலமா சொல்லிட்டு வருது, இந்தியால ரிசர்வ் பேங்க் 2021ல குடுத்த சர்குலர்ல 10 வேலை நாளுக்கு குறையாம ஒரே மூச்சுல, அதுவும் முன்கூட்டியே சொல்லாம திடீர்னு அனுப்பணும்னு இருக்கு. லீவுல இருக்கும்போது ஈமெயில் தவிர வேற எந்த சிஸ்டத்துலயும் கை வைக்க கூடாது. அப்ப வீட்ல இருந்து போன்ல வேலையை நடத்தறதை லீவுன்னே எடுத்துக்க முடியாது. சீட்ல வேற ஒருத்தர் உக்காந்து அவரோட வேலையை முழுசா செய்யணும், அதுக்குத்தான் லீவு.

பிரான்ஸ்ல சொசியேட்டே ஜெனரால் பேங்க்ல 2008 ஜனவரில வெளிய வந்த கேஸை பாருங்க, ஜெரோம் கெர்வியேல்னு ஒரு ட்ரேடர் அனுமதி இல்லாம பண்ணின ட்ரேடுல நஷ்டம் 490 கோடி யூரோ. அந்த ஆள் லீவு எடுக்கறதே அபூர்வமா இருந்திருக்கு, அதை யாரும் கேக்கல. இன்னொண்ணு, அவர் ட்ரேடர் ஆகறதுக்கு முன்னாடி ட்ரேடுகளை சரி பார்க்கற மிடில் ஆபிஸ்ல வேலை பார்த்தவரு, எந்த செக் எப்ப ஓடும்னு உள்ளங்கை மாதிரி தெரியும்.

அடுத்தது சஸ்பென்ஸ். இதை பொறுமையா படிங்க தம்பி, புதுசா வர்றவங்களுக்கு யாரும் சொல்லித்தர மாட்டாங்க. உங்களுக்கு வர்ற ரிப்போர்ட்ல எத்தனை நாளா எண்ட்ரி நிக்குதுன்னு இருக்கும், 30 நாளுக்கு மேல நின்னா சிவப்புல வரும்னு வச்சுக்குவோம். மறைக்கணும்னு நினைக்கறவன் என்ன பண்ணுவான்னா, 28வது நாள் அந்த எண்ட்ரியை ரிவர்ஸ் பண்ணி அதே தொகையை அன்னைக்கு தேதில திரும்ப போட்டுடுவான். இல்லன்னா ரெண்டா பிரிச்சு, வேற நரேஷன் (விவரக் குறிப்பு) எழுதி, சண்ட்ரிக்கு தள்ளிட்டு அங்க இருந்து திரும்ப கொண்டு வருவான். உங்க ரிப்போர்ட்ல வயசு பூஜ்யம்னு காட்டும், ஹெட் ஆபிஸ்லயும் சுத்தமா இருக்குன்னு பாராட்டு வரும். அதனால நிலுவைல இருக்கற எண்ட்ரியை மட்டும் பார்த்து திருப்தி ஆகாதீங்க, போன ஒரு வருஷத்துல அந்த அக்கவுண்ட்ல வந்துட்டு போன எல்லா எண்ட்ரியையும் எடுத்து தொகை வாரியா வரிசைப்படுத்துங்க. ஒரே தொகை திரும்ப திரும்ப வந்தா அதோட முதல் வவுச்சரை தேடி போங்க, ரெண்டு தொகையை கூட்டினா பழைய ஒரு தொகை வருதான்னும் பாருங்க. ஒரு மத்தியானம் போதும் இதுக்கு.

மூணாவது, ஒரே ஆள் கையில ஒரு வேலையோட ரெண்டு முனையும் இருக்க கூடாது. லண்டன் பேரிங்ஸ் பேங்க் 1762ல ஆரம்பிச்சது, அதோட ட்ரேடர் நிக் லீசன் சிங்கப்பூர்ல இருந்து ட்ரேடும் பண்ணி அதோட செட்டில்மெண்டையும் (கணக்கு முடிக்கற வேலை) அவரே பார்த்துக்கிட்டதால 88888ங்கற அக்கவுண்ட்ல நஷ்டத்தை ஒளிச்சு வச்சாரு, 1995ல வெளிய வந்தப்ப 82.7 கோடி பவுண்ட், பேங்க்கையே டச்சு நிறுவனமான ஐஎன்ஜி ஒரு பவுண்டுக்கு வாங்கிச்சு. இதுல என்னை உறுத்தறது என்னன்னா, 1994லயே அவங்க இன்டர்னல் ஆடிட் இந்த ரெண்டு வேலையும் ஒருத்தர்கிட்ட இருக்க கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. எழுதினதை யாரும் செய்யல. உங்க ப்ராஞ்ச்லயும் பழைய ஆடிட் ரிப்போர்ட்டை எடுத்து "சரி செய்யப்பட்டது"ன்னு போட்டு மூடின பாயிண்ட் எல்லாத்தையும் நேர்ல போய் பாருங்க, நிஜமாவே சரி செஞ்சிருக்காங்களான்னு.

சிபிஎஸ்_டெஸ்க் பதில்:

இன்ஸ்பெக்டர் சார் சொன்னதுக்கு மேல நான் சிஸ்டம் பக்கத்துல இருந்து கொஞ்சம் சேர்க்கறேன். நான் எல்லா ப்ராஞ்ச் கணக்கும் ஓடற கோர் பேங்கிங் சிஸ்டத்தோட சப்போர்ட்ல இருக்கேன், தினமும் லாக் பார்க்கறதுதான் வேலை.

பாஸ்வேர்ட் பகிர்றதை சர்குலர் போட்டு நிறுத்தவே முடியாதுங்க, கூட்டம் நின்னா திரும்ப ஆரம்பிச்சிடும். விரல் ரேகையோ டோக்கனோ வச்சு லாகின் குடுத்தாதான் நிக்கும், அது வர்ற வரைக்கும் ஒரு எளிய வேலை பண்ணலாம். அட்டெண்டன்ஸ் லிஸ்டையும் லாகின் லிஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. லீவுல இருக்கற ஆளோட ஐடில பாஸ் ஆன எண்ட்ரி ஒண்ணு கிடைச்சாலும் போதும், அதை ஸ்டாஃப் மீட்டிங்ல காட்டுங்க. அப்புறம் மேக்கர் போட்ட ரெண்டு செகண்ட்ல செக்கர் பாஸ் பண்ணின எண்ட்ரி எல்லாம் தனியா எடுங்க, ரெண்டு செகண்ட்ல வவுச்சரை எடுத்து கையெழுத்தை சரி பார்த்துட்டு பாஸ் பண்ண மனுஷனால முடியாது. அப்படின்னா ரெண்டு ஐடியும் ஒரே ஆள் கையில இருக்குன்னு அர்த்தம், இல்லன்னா அந்த செக்கர் எதையும் பார்க்கறதே இல்லைன்னு அர்த்தம். ரெண்டுமே உங்களுக்கு தெரியணும்.

நான் அதிகம் பயப்படறது ரொம்ப நாளா யாரும் தொடாம கிடக்கற இன்ஆபரேட்டிவ் அக்கவுண்டுக்குதான். வயசானவங்க, வெளிநாட்டுல இருக்கறவங்க, இறந்து போனவங்க கணக்குல பணம் கேக்க ஆள் இல்லாம கிடக்கும். அதை எடுக்கறவன் ஒரே நாள்ல எடுக்க மாட்டான். முதல்ல அட்ரஸ் மாறும், சில நாள் கழிச்சு மொபைல் நம்பர் மாறும், அப்புறம் கணக்கை உயிர்ப்பிப்பாங்க, அப்புறம் புது செக் புக்கோ கார்டோ போகும், கடைசியா பணம் போகும். ஒவ்வொண்ணும் வேற வேற நாள், சில நேரம் வேற வேற ஐடி, தனித்தனியா பார்த்தா எல்லாமே ரொட்டீன் வேலைதான். அஞ்சையும் ஒரே கணக்குல வரிசையா வச்சு பார்த்தாதான் முகம் தெரியும். உங்க ஐடி டீம்கிட்ட இந்த வரிசைக்குன்னே ஒரு அலெர்ட் கேளுங்க, மொபைல் நம்பர் மாத்தினா பழைய நம்பருக்கும் எஸ்எம்எஸ் போகணும்னு கேளுங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா பல மோசடில முதல் வேலையே கஸ்டமருக்கு அலெர்ட் போகாம பண்றதுதான். ஃபிக்ஸட் டெபாசிட் மேல கஸ்டமருக்கு தெரியாம லோன் போடறதும் இதே வழிலதான் நடக்குது, டெபாசிட் பத்திரமா இருக்குன்னு அவர் நினைச்சுக்கிட்டே இருப்பாரு.

இன்னொண்ணு, கோர் பேங்கிங்க்கு வெளிய ஓடற சிஸ்டம் எதுவா இருந்தாலும் அதோட தினமும் டேலி பண்ணுங்க. பஞ்சாப் நேஷனல் பேங்க் மோசடி நடந்தது அதுலதான். பேங்க்குகள் ஒண்ணுக்கொண்ணு மெசேஜ் அனுப்பற ஸ்விஃப்ட்ல, கஸ்டமர் கடனுக்கு நாங்க பொறுப்புன்னு சொல்ற கேரண்டி மெசேஜ் போயிட்டே இருந்திருக்கு, கோர் பேங்கிங்ல அதுக்கு எண்ட்ரியே இல்லை, ரெண்டு சிஸ்டமும் ஒண்ணோட ஒண்ணு பேசாததால வருஷக்கணக்கா யாருக்கும் தெரியல. 2018 பிப்ரவரில வெளிய சொன்னப்ப சுமார் 11,400 கோடி ரூபாய்னு இருந்தது அப்புறம் 13,000 கோடியை தாண்டிச்சு. வெளிய வந்த விதத்தை பாருங்க, அந்த சீட்ல இருந்த ஆபிசர் ரிட்டையர் ஆகி வேற ஆள் வந்து உக்காந்தாரு, வழக்கம்போல கேரண்டி கேட்டு வந்தவங்ககிட்ட முழு மார்ஜின் (ஈடா முன்பணம்) கட்டுங்கன்னு விதிப்படி கேட்டாரு, "முன்னாடி எல்லாம் இப்படி கேட்டதில்லையே"ன்னு அவங்க சொன்னப்பதான் பழசை தோண்டி இருக்காங்க. சீட் மாறினதுதான் காட்டிக்குடுத்தது, வேற எந்த சாஃப்ட்வேரும் இல்லை.

ஆளுங்க வேலை மாறும்போது பழைய ஆக்சஸை எடுத்துட்டுதான் புதுசு குடுக்கணும்ங்கறதையும் விட்டுடாதீங்க. ரொம்ப நாள் ஒரே பேங்க்ல சுத்தி வந்தவங்க ஐடில எல்லா கதவுக்கும் சாவி சேர்ந்து கிடக்கும்.

கவுண்டர்_நம்பர்_மூணு பதில்:

நான் டெல்லர். மேல சொன்னது எல்லாம் அதிகாரிங்க பார்வை, சீட்ல இருக்கறவங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க சார்.

எங்க ப்ராஞ்ச்ல ஒரு தடவை கேஷ் குறைஞ்சுது. சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கணும், ஆனா நிஜத்துல யார் வேணா எடுத்து யார் வேணா திறந்துட்டு இருந்தாங்க, அதனால எடுத்தது யாருன்னு தெரியாம அந்த ரூம்ல கால் வச்ச எல்லாரையும் விசாரிச்சாங்க. என்கூட இருந்த ஒரு அக்கா ராத்திரி தூக்கமில்லாம அழுதுட்டு இருந்தாங்க, ஒரு பைசா தொடாதவங்க அவங்க. கடைசில வேற ஒருத்தர்னு தெரிஞ்சுது, ஆனா அந்த அக்காவை பத்தி பேசின பேச்சை யாராலயும் திரும்ப எடுக்க முடியல. அப்ப இருந்து நான் என் பாஸ்வேர்டை யாருக்கும் குடுக்கறதில்லை, மேனேஜரே கேட்டாலும் இல்லை. "எங்களை நம்பலையா"ன்னு கேக்கறவங்ககிட்ட நீங்க இதை சொல்லுங்க சார், உங்க ஐடில நடக்கற எல்லாத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்க மட்டும்தான், அப்புறம் எதுக்கு அதை இன்னொருத்தர்கிட்ட குடுக்கறீங்கன்னு.

கேஷ் செக் பண்ண வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. கட்டை எண்ணி, சீல் பார்த்துட்டு ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டா அது செக்கிங் இல்லை. கட்டோட மேல ஒண்ணு கீழ ஒண்ணு பெரிய நோட்டா இருந்து நடுவுல சின்ன நோட்டு வச்சிருந்தா உங்களுக்கு எப்படி தெரியும்? உங்க இஷ்டத்துக்கு சில கட்டை எடுத்து பிரிச்சு எண்ணுங்க, உள்வரிசைல இருக்கறதை எடுங்க, எங்க கையால எடுத்து குடுக்கறதை வாங்காதீங்க. அதே மாதிரி மாசக்கடைசி சாயங்காலம்தான் வருவீங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சா அது சர்ப்ரைஸ் இல்லைங்க.

மேல இருந்து "நான் சொல்றேன் பாஸ் பண்ணு, பேப்பர் அப்புறம் வரும்"னு போன் வரும்போது எங்க நிலைமையை யாரும் யோசிக்கறதே இல்லை. அதுக்கு ஒரு வழி வச்சு குடுங்க. போன்ல சொன்னா ஏத்துக்க மாட்டோம், மெயில்ல வரணும்னு எழுத்துல ஒரு ரூல் இருந்தா நாங்க அந்த ரூல் பின்னாடி நின்னுக்குவோம்.

ஆப்ஸ்_பொறுப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணாம் நம்பர் கவுண்டர் மேடம், நீங்க சொன்ன அந்த அக்கா விஷயம் மனசை என்னமோ பண்ணிடுச்சு, அதை அப்படியே மீட்டிங்ல சொல்லப்போறேன். மெயில் ரூலுக்கும் டிராஃப்ட் எழுத ஆரம்பிச்சிட்டேன்.

ரெண்டு சந்தேகம். ஆள் பத்தாத ப்ராஞ்ச்ல பத்து நாள் லீவுல அனுப்பினா அந்த சீட்டை யார் பார்க்கறது, சஸ்பென்ஸ் வேலை வேற யாருக்கும் தெரியவே தெரியாது. அடுத்தது, ஒருவேளை ஏதாவது தட்டுப்பட்டுச்சுன்னா நான் என்ன செய்யணும், நேரா அவரையே கூப்பிட்டு கேக்கலாமா?

எச்ஆர்_பக்கம் பதில்:

அதுக்கு சீனியருங்க சொல்லுவாங்க, நான் வேற ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா இங்க எல்லாரும் பூட்டு சாவி பத்தியே பேசறீங்க. 1950 வாக்குல டொனால்ட் கிரெஸ்ஸிங்கற அமெரிக்க ஆய்வாளர் கையாடல் பண்ணி சிறைல இருந்தவங்ககிட்ட போய் பேசினாரு, அவர் ஆய்வுல இருந்து வந்ததுதான் அழுத்தம், வாய்ப்பு, நியாயப்படுத்தல்னு இன்னைக்கு எல்லாரும் சொல்ற முக்கோணம். வெளிய சொல்ல முடியாத ஒரு பணக்கஷ்டம், கைக்கு எட்டற ஒரு வழி, "அடுத்த மாசம் திரும்ப வச்சிடுவேன், இது கடன்தான்"ங்கற ஒரு சமாதானம். நீங்க வாய்ப்பை மட்டும் அடைக்கறீங்க. ஸ்டாஃபுக்கு திடீர் கஷ்டம் வந்தா கௌரவமா கேட்டு வாங்கக்கூடிய ஒரு அவசர லோன் வசதி இருக்கா, அதை கேட்டா ஊரே பேசுமா, இதையும் பாருங்க. முழு சம்பளமும் வெளிக்கடனுக்கே போற ஒருத்தரை கேஷ்ல உக்கார வைக்கறதுக்கு முன்னாடி உக்காந்து பேசி உதவி பண்ணுங்க, சீட்டை மாத்துங்க. அது தண்டனை இல்லை.

டார்கெட்டையும் சேர்த்துக்கங்க. அமெரிக்காவோட வெல்ஸ் ஃபார்கோ பேங்க்ல 2016ல வெளிய வந்தது திருட்டு கும்பல் வேலை இல்லை, ஒரு கஸ்டமருக்கு எட்டு ப்ராடக்ட் விக்கணும்னு விரட்டினதுல சாதாரண ஸ்டாஃப் கஸ்டமருக்கே தெரியாம கணக்கு திறந்தாங்க. சுமார் 5,300 பேர் வேலை போச்சு, 18.5 கோடி டாலர் அபராதம், சந்தேகத்துக்குரிய கணக்குகள் அடுத்த வருஷம் 35 லட்சம்னு கணக்கு வந்தது, 2020ல இன்னும் 300 கோடி டாலர் கட்டி செட்டில் பண்ணினாங்க. உள்ள இருந்து எத்திக்ஸ் லைனுக்கு போன் பண்ணி புகார் சொன்னவங்களே வேலையை இழந்ததா சொன்னாங்க, எனக்கு வயிறு எரிஞ்சது அதுலதான்.

ஏன் சொல்றேன்னா மோசடி அதிகமா பிடிபடறது யாராவது சொல்லித்தான். மோசடி ஆய்வாளர்களோட சங்கமான ஏசிஎஃப்இ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை உலக அளவுல எடுக்கற ஆய்வுல 40 சதவீதத்துக்கு மேல தகவல் வந்துதான் தெரிஞ்சிருக்கு, தகவல் சொன்னவங்கள்ல பாதிக்கு மேல கூட வேலை பார்க்கறவங்க, வெளி ஆடிட்ல பிடிபட்டது 5 சதவீதம் கூட இல்லை. அப்ப உங்க ப்ராஞ்ச்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் எதையோ பார்த்துட்டு, யார்கிட்ட சொல்லணும், சொன்னா தனக்கு என்ன ஆகும்னு தெரியாம வாயை மூடிட்டு இருந்தா அதுதான் இருக்கறதுலயே பெரிய ஓட்டை. புகார் ப்ராஞ்ச் மேனேஜர் வழியா போகாம நேரா மேல போற வழி இருக்கான்னு பாருங்க, அந்த நம்பரை எல்லார் கண்ணுலயும் படற மாதிரி ஒட்டுங்க.

பழைய_இன்ஸ்பெக்டர் பதில்:

எச்ஆர் சொன்னது ரொம்ப சரி, தகவல் சொன்னவனை காப்பாத்தலன்னா அடுத்தவன் சொல்லவே மாட்டான். ஆனா ஒரு இடத்துல எனக்கு உடன்பாடில்லை. கஷ்டம் வந்தவங்க மட்டும்தான் பண்ணுவாங்கன்னு நினைச்சுடாதீங்க, நஷ்டத்தை மறைக்க ஆரம்பிச்சு மாட்டினவங்களும் நிறைய. ஜப்பானோட டைவா பேங்க் நியூயார்க் கிளைல தோஷிஹிதே இகுச்சிங்கற பாண்ட் ட்ரேடர் 1980கள்ல சின்ன நஷ்டத்தை மறைக்கத்தான் ஆரம்பிச்சாரு, 1995ல அவரே மேலிடத்துக்கு லெட்டர் எழுதி ஒத்துக்கிட்டப்ப 110 கோடி டாலர். அதனால சின்ன தப்பை வந்து சொல்றவங்களை கண்டபடி திட்டாதீங்க. கேஷ்ல குறையுதுன்னு அன்னைக்கே வந்து சொன்னா முறைப்படி எழுதி ரெக்கார்ட் பண்ணுங்க, அவமானப்படுத்தாதீங்க.

ஆள் பத்தாததுக்கு வழி, பக்கத்து ப்ராஞ்ச்ல இருந்து ஒருத்தரை மாத்திக்கறது. உங்க சீனியர் அங்க, அங்க இருக்கறவர் இங்க. சஸ்பென்ஸ் வேலை வேற யாருக்கும் தெரியாதுங்கறதையே காரணமா எழுதி ரீஜனல் ஆபிசுக்கு ஆள் கேட்டு மெயில் போடுங்க, எழுத்துல போனா பதில் வரும். அனுப்பறதுக்கு முன்னாடி அவரையே உக்கார வச்சு வேலையை எழுத்துல வாங்கிக்கலாம், லீவு தேதியை மட்டும் சொல்லாதீங்க. எல்லா முக்கிய சீட்டுக்கும் இது வரும், உங்க சீட்டுக்கும் சேர்த்துன்னு முதல்லயே அறிவிச்சுட்டு, முதல் லீவுல நீங்களே போங்க. நீங்க போயிட்டு வந்தப்புறம் "நம்பலையா"ங்கற பேச்சு பெருசா எழாது.

ஏதாவது தட்டுப்பட்டா நேரா கூப்பிட்டு கேக்கவே கேக்காதீங்க தம்பி. கேட்ட அன்னைக்கு சாயங்காலமே வவுச்சர் காணாம போகும், சில நேரம் அந்த மனுஷன் உயிரையே விடற அளவுக்கும் போயிருக்கு, ரெண்டையும் நான் பார்த்திருக்கேன். நீங்க பார்த்ததை தேதி, தொகை, எண்ட்ரி நம்பரோட எழுதி பேங்க்கோட உள் விசாரணை பிரிவான விஜிலென்ஸுக்கு மட்டும் அனுப்புங்க, ப்ராஞ்ச்ல யார்கிட்டயும் பேசாதீங்க. ஒரிஜினல் வவுச்சர் கட்டு ரெக்கார்ட் ரூம்ல இருந்தா அந்த ரூம் சாவியை உங்க கைக்கு கொண்டு வாங்க, அதுக்கு வேற ஏதாவது சாதாரண காரணம் இருக்கட்டும். சிசிடிவி பதிவு குறிப்பிட்ட நாளுக்கு அப்புறம் தானா அழிஞ்சுடும், அந்த தேதிகளை காப்பி எடுத்து வைக்க சொல்லி விஜிலென்ஸையே கேக்க சொல்லுங்க. விசாரணைக்கு ஆள் வர்ற அன்னைக்கு முதல்ல ஆக்சஸை நிறுத்திட்டு அப்புறம்தான் அவர்கிட்ட பேசணும், அப்ப அவர் கூட ஒருத்தர் இருக்கணும், தனியா வீட்டுக்கு அனுப்ப கூடாது.

அந்த சஸ்பென்ஸ் லிஸ்டை எடுத்துட்டு ஒரே தொகை திரும்ப வருதான்னு பார்த்து இங்க எழுதுங்க. பேரும் அக்கவுண்ட் நம்பரும் மட்டும் போடாதீங்க.